காளியப்பனின் தகப்பன் பெயர்

நிச்சயத் தட்டு மாற்றி முடிந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தபோதுதான் பழனாத்தாள் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மைசூரு குவெம்பு நகரில் சின்ன மண்டபம், இரண்டு பக்கமும் சேர்த்து நூறு பேர். பெண் வினிதாவும் மாப்பிள்ளை மனோஜ்குமாரும் ஹெப்பாளில் ஒரே மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். தாங்களாகவே முடிவெடுத்துவிட்டு வீட்டில் வந்து சொன்னவர்கள். விசாரித்தால் பையன் வீடும் ஹனூர்ப் பக்கம், அதே சனம், குலதெய்வம் மட்டும் வேறு. இதைவிட என்ன வேண்டும் என்று வினிதாவின் அம்மா சொர்ணலதா பாயசத் தூக்குடன் வரிசையில் நடந்துகொண்டிருந்தாள்.

அத்தை, சொர்ணலதாவின் கணவர் உதயகுமாருடைய அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லாதவள், கடைசிக் காலத்தில் இவர்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தாள். எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா நாச்சிமுத்துவிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"உங்கையன் பேரு என்ன தம்பி?"

"காளியப்பனுங்க. அவரு போயி இருவத்தாறு வருசமாச்சுங்க."

"எந்தக் காளியப்பன்?"

"மலாய்க்காட்டுல இருந்து வந்தவருங்க. மலாய்க் காளியப்பன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்."

அத்தை இலையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்ப நீ எந்தம்பி மவன்" என்றாள். அவளுக்குக் காது மந்தம் என்பதால் பேச்சு எப்போதும் உரக்கத்தான் இருக்கும். "மலாய்க்குப் போன சித்தையன் மவன் காளியப்பன். அந்தச் சித்தையன்தான் எங்கையனும். இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி. இந்தக் கண்ணாலம் ஆவாது."

பந்தி முழுக்கக் கேட்டது. யாரோ ஒருவர் சாம்பார் கேட்டதும் கேட்டது.

அன்று மாலைக்குள் கதை முழுதும் வெளியே வந்துவிட்டது. அத்தை வயிற்றில் இருக்கும்போதே அவள் அப்பா சித்தையன், மனைவி நஞ்சம்மாவையும் மூத்த மகனான உதயகுமாரின் அப்பாவையும் விட்டுவிட்டு ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயா போனவர். கடிதம் வரவில்லை, ஆளும் வரவில்லை. 1953-ல் பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் தகரப் பெட்டியோடு ஹனூரில் வந்து இறங்கி, நான் சித்தையன் மகன், அப்பா இறந்துவிட்டார் என்றான். அங்கே ஒருத்தியை வைத்துப் பெற்ற பிள்ளை என்று நஞ்சம்மா கதவைச் சாத்தச் சொன்னாள். சாத்தியது அத்தைதான். பையன் பத்து மைல் தள்ளி ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, அந்த வீட்டின் ஒரே பெண்ணைக் கட்டி, மாமனார் ஊர்க்காரனாகவே ஆகிப்போனான். மாமனாரின் குலதெய்வமே அவனுக்கும் குலதெய்வம். அதனால்தான் இத்தனை விசாரித்தும் யாருக்கும் பொறி தட்டவில்லை.

மறுவாரம் நாச்சிமுத்து தன் அப்பாவின் பெட்டியில் இருந்த ஒரே சான்றைக் கொண்டு வந்து காட்டினார். வெள்ளைக்காரர் காலத்து மலாயா அடையாள அட்டை. காளியப்பன், சித்தையன் மகன், வயது பன்னிரண்டு. ஆண்டு 1949. கீழே புக்கிட் தெராங் தோட்டம் என்று முகவரி.

"இதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார் உதயகுமார். அரசுப் பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் இரண்டாம் தடவை பேசப் பிடிக்காது.

மனோஜ் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். உதயகுமாரும் நாச்சிமுத்துவும் எச்சில் கொடுத்தால் ஒரே தகப்பன் வழியா இல்லையா என்று பரிசோதனைச் சாலையில் சொல்லிவிடுவார்கள்.

"எச்சலை நம்பியா கண்ணாலம் பண்ணுவீங்க?" என்றாள் அத்தை. நாச்சிமுத்துவுக்கும் முகம் சுருங்கிவிட்டது. தன் அப்பன் யாருக்குப் பிறந்தான் என்று ஒரு கண்ணாடிக் குழாய் வந்து சொல்வதை அவரால் சகிக்க முடியவில்லை. பேச்சு அத்தோடு நின்றது.

வினிதா அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, "அவன்கிட்ட எப்படிப் பேசறதுன்னே தெரியலம்மா. ஹலோ சொன்னதுக்கு அப்புறம் என்ன பேசறது? ஏனு மாத்தாட்லி?" என்றாள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்தால் அவளுக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம்.

அந்த வார்த்தைதான் சொர்ணலதாவை எழுப்பி உட்கார வைத்தது. அவள் முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்தவள். அந்த அட்டையை மறுபடி வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இந்த வயசை யார் சொன்னது?" என்றாள்.

"அட்டையில இருக்குல்ல லதா" என்றார் உதயகுமார்.

"அட்டை தானா எழுதிக்குமா? யாரோ ஒருத்தர் வந்து நின்னு சொல்லியிருக்கணும். முப்பத்தொரு வருசம் நானும் யாரோ சொன்னதைத்தான் எழுதினேன். அப்பன் பேர்ல மாமனைச் சொல்வாங்க, ஸ்கூல்ல சேர்க்க வயசைக் கூட்டுவாங்க. நம்ம அத்தைக்கே ஆதார்ல ஒரு வயசு, ஓட்டு அட்டையில ஒரு வயசு. பிள்ளை பிறந்தப்போ எழுதின புஸ்தகத்தைப் பார்க்கணும். சித்தையன் அந்த ஊர்ல எந்தத் தேதி இறங்கினார்னும் பார்க்கணும். ரெண்டும் தெரியாம நான் மண்டபத்துக்காரனுக்கு வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அவள் மலேசியாவுக்கு எழுதிய மின்னஞ்சல்களில் பாதிக்குப் பதிலே இல்லை. ஒன்றுக்கு மட்டும் ஈப்போவுக்கு அப்பால் ஒரு சிற்றூர் நூலகத்திலிருந்து கமலேஸ்வரி என்ற பெண் தொலைபேசியிலேயே கூப்பிட்டுவிட்டாள். புக்கிட் தெராங் தோட்டத்தை விற்று வீடு கட்டிவிட்டார்கள், ஆனால் தோட்ட ஆபீசின் பழைய புத்தகங்கள் நூலக மாடியில் ஓர் அறையில் கிடக்கின்றன, கணினியில் ஏற்றவில்லை, வந்து பார்க்கலாம். "வாங்க ஆண்ட்டி, நான் இருக்கேன். ஆனா தேடுறது கஷ்டம் லா, சொல்லிட்டேன்."

மூவராகக் கிளம்பினார்கள்: சொர்ணலதா, உதயகுமார், நாச்சிமுத்து. பெங்களூரிலிருந்து விமானம். ஆண்கள் இருவருக்கும் நடு இருக்கையில் அவள். சம்பந்தியா பங்காளியா என்று தெரியாததால் அவர்கள் ஒருவரோடொருவர் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் அவள் வழியாகத்தான் போய் வந்தது. அவளுக்கே சங்கடம்தான். இந்தக் கல்யாணம் நடந்தால் நாச்சிமுத்து அவளுக்கு அண்ணன் முறை. நடக்காமல் அத்தை சொன்னதே உண்மையானால் கணவருக்கு மூத்தவர், மாமா என்று கூப்பிட வேண்டும். நான்கு மணி நேரமும் "ஏனுங்க, தண்ணி வேணுங்களா" என்று மொட்டையாகவே ஓட்டினாள்.

நூலக மாடியறையில் இரும்பு அலமாரிகள் நான்கு. கரையான் தின்ற தொழிலாளர் பேரேடுகள், முதுகு பிய்ந்து நூலால் கட்டப்பட்டவை. கமலேஸ்வரி மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். காற்றில் தாள் பொடியாகிவிடும். பேரேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தோட்டத்துக் கிராணிமார், அதாவது அலுவலகக் குமாஸ்தாக்கள், சாய்ந்த கையெழுத்தில் எழுதியவை. ஆட்களை மாவட்டவாரியாகப் பிரித்திருந்தார்கள். சொர்ணலதா மைசூர் என்ற தலைப்பின் கீழ் தேடினாள். ஒன்பது பக்கம். சித்தையன் இல்லை. மத்தியானம் வரை அதே ஒன்பது பக்கத்தை மூன்று முறை பார்த்தாள்.

கமலேஸ்வரி வாங்கி வந்த பொட்டலச் சோற்றைச் சாப்பிடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, என் புத்தியே! அப்போ நம்ம ஹனூர் இருக்கற கொள்ளேகால் மைசூர்ல எங்கே இருந்தது? கோயம்புத்தூர் ஜில்லாவுல! ஐம்பத்தாறுல தானே இந்தப் பக்கம் சேர்த்தாங்க!"

கையைக் கழுவிவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கங்களை எடுத்தாள். கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. சித்தையன், வயது 24, ஹனூர், கொள்ளேகால் தாலுகா. மணமானவர். மனைவி இந்தியாவில். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நாள் 11 அக்டோபர் 1937.

அவளுக்கு ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடியே கணக்குப் போட்டுப் பார்த்தாள். அட்டைப்படி காளியப்பன் பிறந்தது முப்பத்தேழு வாக்கில். முன்னே பின்னே இருந்தால் முப்பத்தெட்டு. வந்த ஒரு வருடத்துக்குள் ஒரு பிள்ளை. அத்தை சொன்னதற்கு அச்சாகப் பொருந்தியது.

உதயகுமாரும் அதையேதான் போட்டுப் பார்த்திருக்கிறார். எழுந்து படியிறங்கிப் போனார். ஜன்னல் வழியே பார்த்தபோது எதிர்க்கடையில் தேநீரை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து மூடிய பேரேட்டின் மேல் கையை வைத்தபடி, "போதுங்க அம்மணி, ஊருக்குப் போயிடலாம். பொண்ணு மனசு மேலும் மேலும் நோவக் கூடாது" என்றார்.

"ஒரு நாள் பொறுங்க" என்றாள் சொர்ணலதா. அவளுக்கும் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. ஆனாலும் பிறப்புப் புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த விண்ணப்பத்தையும் அவள் மூடியதில்லை.

மறுநாள் காலையில் கமலேஸ்வரி சொன்னது இடியாக இருந்தது. தோட்டத்துப் பிறப்புப் புத்தகம் ஜப்பான்காரன் காலத்தில் எரிந்துபோனது. "ஆனா ஸ்கூல் புக் இருக்கு ஆண்ட்டி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. சண்டை முடிஞ்சு திறந்தப்போ, வாத்தியார் ஒருத்தர் ஒவ்வொரு பிள்ளைக்கும் விசாரிச்சு எழுதியிருக்காரு."

அந்தப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு தமிழில் இருந்தது. சொர்ணலதாவும் உதயகுமாரும் கன்னடப் பள்ளியில் படித்தவர்கள். அச்செழுத்தையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பார்கள், இந்தக் கூட்டெழுத்து கைக்கு எட்டாது. நாச்சிமுத்துவைச் சின்ன வயதில் அந்தியூரில் மாமன் வீட்டில் விட்டுப் படிக்க வைத்திருந்தார்கள். அவர்தான் நாற்காலியை இழுத்துப்போட்டு, விரலை வைத்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தார். முனியம்மா. ராமு. பெரியசாமி. அஞ்சலை. 1946-ஆம் வருடம், நாற்பத்திரண்டாம் எண்ணில் விரல் நின்றது.

"காளியப்பன்" என்றார்.

"படிங்க."

"பிறந்த தேதி… ரெண்டு, மூணு, முப்பத்தஞ்சு. பிறந்த இடம் இத்தோட்டம்."

"முப்பத்தஞ்சா? சரியாப் பாருங்க, முப்பத்தெட்டா இருக்கும்" என்றார் உதயகுமார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் நாச்சிமுத்துவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"அஞ்சுதானுங்க. எழுத்தாவே போட்டிருக்காரு வாத்தியாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தஞ்சு." நாச்சிமுத்துவின் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. குரல் இறங்கிவிட்டது. "தகப்பன் பெயர்… மாரண்ணன். சயாம் ரயில் வேலையில் இறந்தார். தாய், காலமானார், நாப்பத்து நாலு. பாதுகாவலர்… சித்தையன். உறவு…" அங்கே நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "உறவு, தகப்பனாரின் சிநேகிதர். இரண்டு வயது முதல் பையனை அறிந்தவர்."

கமலேஸ்வரிக்கு விஷயம் முழுக்கத் தெரியாது. தப்பாக ஏதாவது கிடைத்துவிட்டதோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சித்தையன் வந்து இறங்கும்போது காளியப்பனுக்கு இரண்டரை வயது. சொர்ணலதா அதை மனதுக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் பாதி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணா" என்றாள். வார்த்தை தானாக வந்துவிட்டது. "அண்ணா, அழாதீங்க."

நாச்சிமுத்து அழுதுகொண்டுதான் இருந்தார். "ஒரு வார்த்தை சொல்லலீங்களே அம்மணி, எங்கையன். சாகற வரைக்கும் சித்தையன் மவன், சித்தையன் மவன்னே சொல்லிட்டிருந்தாரு. அந்த வீட்டு வாசல்ல நின்னு, நான் பெத்த மவன் இல்ல, வளத்த மவன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உள்ள கூப்பிட்டிருப்பாங்க."

"அவருக்கு அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்காது" என்றார் உதயகுமார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நாச்சிமுத்துவின் தோளில் கை வைத்து, "சம்பந்தி, வாங்க, ஒரு டீ குடிப்போம்" என்று அழைத்துக்கொண்டு போனார்.

சொர்ணலதா எழுந்திருக்கவில்லை. பிறப்பைப் பார்த்தாயிற்று, இறப்பைப் பார்க்காமல் புத்தகத்தை மூட அவளுக்குக் கை வராது. கமலேஸ்வரியிடம் கேட்டுத் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வாங்கினாள். 1953, பிப்ரவரி. சித்தையன், வயது 40, காசநோய், பதினேழாம் நாள் மரணம். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை நான்கு முறை படம் எடுத்துக்கொண்டாள்.

ஏன் அவர் திரும்பிப் போகவில்லை, ஏன் கடிதம் போடவில்லை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. போர் வந்தது, கையில் ஒரு பிள்ளை வந்தது, பிறகு நோய் வந்தது. இடையில் இருந்த வருடங்களைப் பற்றி அவளாலும் ஒன்றும் சொல்ல முடியாது. அதை அத்தையிடம் மறைக்க வேண்டாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

வினிதாவுக்கு அங்கிருந்தே கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "நிஜவாகலூவாம்மா?" என்றாள் வினிதா. நிஜமாகவேதான் என்று இவள் சொன்னதும் கேட்டது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. அலுவலகத்தில் யாரோ "என்னாச்சு, என்னாச்சு" என்று அவளைச் சுற்றிக் கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

மைசூருக்கு வந்த மறுநாள் காலை, நாச்சிமுத்துவும் மனோஜும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அத்தை சோபாவின் ஓரத்தில் முட்டிக்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொர்ணலதா அவள் நல்ல காதுப் பக்கமாக உட்கார்ந்து, பள்ளிப் பதிவேட்டில் இருந்ததை முதலில் சொன்னாள். மாரண்ணன், சயாம், இரண்டரை வயது எல்லாவற்றையும் அத்தை அசையாமல் கேட்டாள்.

"அப்ப அந்தப் பையன் எங்கையனுக்குப் பொறந்தவன் இல்ல."

"இல்லைங்கத்தை."

"அங்க பொம்பள யாரும்…"

சொர்ணலதா கைப்பேசியில் ஆஸ்பத்திரிப் பக்கத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். அத்தைக்கு எழுத்துத் தெரியாது; இருந்தாலும் காட்டினாள். "சாகறப்போ சொந்தம் யாருன்னு கேட்டு எழுதியிருக்காங்க. மனைவி நஞ்சம்மா, ஹனூர், கொள்ளேகால் தாலுகா. ஒரு மகன், ஒரு குழந்தைன்னு இருக்கு. அந்தக் குழந்தை நீங்கதான். ஆணா பொண்ணான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது. வேற யார் பேரும் இல்லை. பதினாறு வருசம் கழிச்சும் உங்கம்மா பேர்தான்."

அத்தை அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா செத்தாளே, இது தெரியாமயே செத்தாளே" என்றாள். பிறகு, "தெரியாட்டிப் போவுது. எனக்குத் தெரிஞ்சுதில்ல" என்று தானே சொல்லிக்கொண்டாள். முதுகைச் சோபாவில் சாய்த்தாள். அவள் சாய்ந்து உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"கல்யாணத்தை என்ன பண்ணறதுங்கத்தை?" என்றார் உதயகுமார்.

"என்ன பண்ணறதா? பண்ணறதுதான். எந்தூருப் பையனோ, எங்கையன் ஆக்கிப் போட்ட சோத்தத் தின்னு வளந்தான். ரெத்தம் வேற, முறைக்குத் தடையில்ல. அன்னைக்குக் கதவச் சாத்தினவ நானு. இன்னைக்கு நானே பொண்ணக் குடுக்கறேன், போ." மனோஜைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வினிதா சமையலறை வாசலில் நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சொர்ணலதா மண்டபத்துக்காரரைக் கூப்பிட எழுந்தாள். அப்போது அத்தை நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உங்கையன் எங்கையனைப் பத்தி ஏதாச்சும் சொல்லியிருக்கானா?"

"நெறைய சொல்லியிருக்காருங்களே" என்றார் நாச்சிமுத்து. "நல்ல உசரமாம். ரப்பர் மரத்துல பால் வெட்டறதுல அவருக்கு மிஞ்சி ஆளில்லையாம். மீன் கொழம்பு அவரு வச்சாத்தான் எங்கையன் திம்பாராம். கோவம் மட்டும் பொல்லாத கோவமாம். சோத்துல ஒரு கல்லு கெடந்தாப் போச்சு, தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருவாராம். அப்புறம் பையனுக்குத் தெரியாமத் திரும்பி வந்து அதையே எடுத்துத் திம்பாராம்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அப்பா என்றால் ஒரு பெயரும் ஒரு சாத்திய கதவும் மட்டுமாக இருந்த தொண்ணூறை நெருங்கும் வயதுக்காரி, இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மீன் கொழம்பு எப்படி வைப்பாராம்?" என்றாள். "புளியா, மாங்காயா?"